போர்டில் வைத்த சந்தனம்

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் துறையின் ஸ்டோர் என் பொறுப்பில் இருந்த வருடங்களில், மூன்றாவது பீரோவின் மேல் இரண்டு தட்டுகள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவிகள் இருந்தன. கடைசி ஆண்டு மாணவர்கள் வருடாவருடம் செய்து ஒப்படைத்துவிட்டுப் போன புராஜெக்டுகள். அவற்றில் ஒன்றுகூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை. அதே கட்டடத்தின் மொட்டைமாடித் தொட்டி தினமும் காலையில் நிரம்பி வழியும். சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார். கருவிகளில் ஒன்றை எடுத்து அங்கே மாட்டினால் என்ன என்று புதிதாக வந்த முதல்வர் ஒருமுறை கேட்டார். புராஜெக்ட் துறையின் இருப்புப் பதிவேட்டில் ஏறிய சொத்து, கட்டடம் பராமரிப்புப் பிரிவின் சொத்து, ஒரு சொத்தை இன்னொரு சொத்தின்மேல் திருகாணி போட்டு முடுக்க மாற்றல் உத்தரவு வேண்டும் என்று விளக்கினேன். அவர் அதன்பிறகு மாடியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் ஓய்வு பெறும்வரை தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது.

விதிகள் எனக்கு மனப்பாடம். பெருமைக்குச் சொல்லவில்லை. சர்க்கரை வியாதி இருப்பதைச் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தேன். பாலிடெக்னிக் ராஜபாளையம் போகும் சாலையில் இருந்தது. டவுன் பஸ் வாசலிலேயே நிற்கும். எதிரே ஒரு டீக்கடை. என் ஸ்டோரின் ஜன்னலைத் திறந்தால் பஸ் நிற்குமிடமும் டீக்கடையும் படம் மாதிரித் தெரியும். இந்த ஜன்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துப் புராஜெக்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசிப் பேர் மதுரைக்குப் போய் ஒரு கடையில் வாங்கிவந்து விடுவார்கள். டிஜிட்டல் கடிகாரம், சாலை சந்திப்பு விளக்கு, கைதட்டினால் எரியும் பல்பு, தண்ணீர்த் தொட்டி. எல்லாம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி போட்ட பெட்டிக்குள் பளபளவென்று இருக்கும். கூடவே டைப் அடித்த அறிக்கையும் உண்டு. பெயர் எழுத இடம் காலியாக விட்டிருப்பார்கள். ஒரு வருடம் ஓர் அறிக்கையின் நடுவில் வேறொரு ஊர்ப் பாலிடெக்னிக்கின் பெயர் அப்படியே இருந்தது. ஆசிரியர் கையெழுத்திட்டார், துறைத்தலைவர் கையெழுத்திட்டார், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரும் கையெழுத்திட்டார். பைண்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்து நான் பீரோவில் வைத்தேன்.

இந்தக் கூட்டத்தில் தானே ஒரு கருவியைச் செய்த ஆள் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்று நான் கூப்பிடுவேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் ஹெல்பராகப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் பகுதிநேர டிப்ளமோவில் சேர்ந்தார். பகல் ஷிஃப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் துகளோடு சாயங்காலம் வகுப்பில் வந்து உட்காருவார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவர் தலையைத் தட்டிவிடுவார்கள்.

அந்த வயதில் அவர் படிக்க வந்ததற்குக் காரணம் படிப்பு ஆசை இல்லை. ஆலையில் புது எந்திரங்கள் வரவிருந்தன. பழைய எந்திரம் நின்றால் ஸ்பானரோடு போவார்கள். புது எந்திரம் நின்றால் உள்ளேயிருந்து ஒரு கார்டை உருவி இன்னொன்றைச் செருக வேண்டும். எந்தக் கார்டு என்று தெரிய எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டும். டிப்ளமோ வைத்திருப்பவர்களைப் பயிற்சிக்கு அனுப்பிப் புது எந்திர ஹாலில் வைத்துக்கொள்வது என்றும், மற்றவர்களைப் பஞ்சுக் குடோனுக்கு மாற்றுவது என்றும் நிர்வாகம் முடிவு செய்திருந்தது. மாப்பிள்ளைக்கு மூச்சிரைப்பு உண்டு. தூசி ஆகாது, இன்னும் பஞ்சுக்குள் இருந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லி வருடம் இரண்டு ஆகியிருந்தது. புது எந்திர ஹால் கண்ணாடி அடைத்து, குளிரூட்டி, தூசி இல்லாமல் இருக்கும். ஆக, இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி ஹால், அந்தப் பக்கம் ஒரு குடோன். நடுவில் ஒரு சான்றிதழ். அதை அந்தக் கோடையின் முடிவுக்குள் கொடுக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது புராஜெக்ட்தான்.

அவர் செய்தது, நூல் சுற்றும் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் கருவி. ஆலையில் நூலைச் சக்கரத்தில் சுற்றிச் சிட்டாவாக, அதாவது கண்டாக, எடுக்கும் பிரிவில் பெண்கள் வேலை செய்வார்கள். சக்கரத்தோடு பல்சக்கரம் வைத்த பழைய எண்ணி ஒன்று உண்டு. பல் தேய்ந்துபோய், சுற்றியதைவிடக் குறைவாகவே அது எண்ணும். மாப்பிள்ளை சக்கரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன பல்பையும், வெளிச்சம் பட்டால் மாறுகிற ஒரு கண்ணையும் எதிரெதிரே வைத்தார். அட்டை கட்டிய ஓர் ஆரக்கால் குறுக்கே வந்து வெளிச்சத்தை மறைக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்பை எண்ணி மூன்று சிவப்பு எண்களில் காட்ட மூன்று ஐ.சி. சில்லுகள். கறுப்பாக, ஆளுக்குப் பதினாறு காலோடு, கரப்பான் பூச்சி மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். போர்டைத் தானே அமிலத்தில் அரித்து எடுத்தார். வலது கை விரல்கள் ஒரு மாதம் மஞ்சளாக இருந்தன. என் தங்கை அந்தக் கையால் பிள்ளையைத் தூக்கவிடவில்லை.

உதிரிகளை முறைப்படி என்னிடம்தான் வாங்கினார். சீட்டு எழுதி, ஆசிரியர் கையெழுத்து வாங்கி, சாயங்காலம் ஸ்டோர் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்பார். மச்சான் என்ற சலுகையை அவரும் எடுத்துக்கொள்ளவில்லை, நானும் கொடுக்கவில்லை. சீட்டில் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் என்று எழுதியிருந்தார். இருப்பில் அது இல்லை. நான் பத்தாயிரம் கேட்டு அனுப்பிய இன்டென்டுக்குப் பத்து லட்சம் ஓம் வந்து சேர்ந்திருந்தது. திருப்பி அனுப்பினால் அந்த வருட ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால் இருப்பில் ஏற்றிவிட்டேன். ஆகவே அந்த வருடம் ஸ்டோரிலிருந்து போனதெல்லாம் பத்து லட்சம்தான். "ஓடும், மச்சான். கால ஒண்ணு தரையோட கட்டி வைக்கணும், அம்புட்டுதானே. கயிறு கொஞ்சம் மெல்லிசா இருக்கும்" என்று வாங்கிப் போனார். அவர் சொன்னது சரி. எண்ணிக்கையைச் சைபருக்குக் கொண்டுபோகும் கால் ஒன்று ஒவ்வொரு ஐ.சி.யிலும் உண்டு. அதைச் சும்மா இருக்கச் சொல்லித் தரையோடு கட்டி வைப்பதுதான் அந்த ரெசிஸ்டரின் வேலை. ஓம் கூடக்கூடக் கயிறு மெலியும். வெளியிலிருந்து யாரும் இழுக்காதவரை மெல்லிய கயிறே போதும்.

ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருவியை ஒரு சக்கரத்தில் மாட்டிச் சோதித்திருக்கிறார். சாப்பிட உட்கார்ந்த பெண்கள் தூக்குச்சட்டியோடு எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்களாம். "ஏ கரண்டுக்காரரே, இது எண்ணுதா, இல்ல நாங்க எண்ணுதத ஒட்டுக் கேட்டுச் சொல்லுதா?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி, "வாய மூடுட்டி, இத்தன வருசத்துல நம்ம சுத்துன சுத்த முழுசாச் சொன்ன மொத ஆளு இதுதான்" என்றிருக்கிறாள். மூன்று முறை ஓட்டியதில் பெண்களின் வாயெண்ணிக்கையும் சிவப்பு எண்களும் ஒத்துப்போயின. இதைச் சொல்லும்போது மாப்பிள்ளைக்கு இரைப்பு வந்துவிட்டது. சந்தோஷத்துக்கும் அந்த நெஞ்சு தாங்காது.

வாய்மொழித் தேர்வு அன்று காலை என் வீட்டுக்குத் தங்கை வந்தாள். மாப்பிள்ளை ரெக்கார்டு நோட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதென்று விடிந்ததும் நேரே பாலிடெக்னிக்குக் கிளம்பியிருந்தார். கருவியை இவள் ராஜபாளையத்திலிருந்து ஆடாமல் அசையாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, கோயிலுக்குள் போய் ஆண்டாள் சந்நிதியில் வேண்டிக்கொண்டு, வாழையிலைத் துண்டில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் அலுவலகம் போகும்போது கருவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

கூடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பெரிய எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி. உள்ளே துணி விரித்து போர்டைப் படுக்க வைத்திருந்தார்கள். மற்றவர்களின் புராஜெக்ட் மாதிரி அதற்குப் பிளாஸ்டிக் பெட்டி கிடையாது. சந்தனத்தை விரலில் எடுத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தாள். மிக்ஸி, சைக்கிள், ரேடியோ என்றால் எங்கே வைப்பது என்று கைக்கே தெரியும். இதில் எங்கு பார்த்தாலும் கம்பியும் காலும்.

"ஏண்ணே, இதுக்கு நெத்தி எது?" என்றாள்.

நான் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். சாமி விஷயத்தில் எனக்கு அப்போது ஒரு நக்கல் உண்டு. ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தின் எந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சந்தனச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை வகுத்துக் கொடுத்ததே நான்தான். சீப்போடு திரும்பி வந்து, போர்டைக் காட்டினேன்.

"இந்தா, நடுவுல கறுப்பாப் படுத்திருக்குல்ல, அதான் நெத்தி. மூள பூராம் அதுக்குள்ளதான் இருக்கு. நல்லா வையி."

"மூணு இருக்கே?"

"மூணுக்கும் வையி. ஒருத்தன விட்டா கோவிச்சுக்கிடுவான்."

அவள் சிரிக்கவில்லை. அண்ணன் படித்தவன், இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறவன், சரியாகத்தான் சொல்வான் என்று நம்பி மூன்றுக்கும் தாராளமாக வைத்தாள். சந்தனம் தண்ணீராக இருந்தது. கறுப்பு உடம்பின் இரண்டு பக்கமும் கால்களுக்கிடையே வழிந்தது. மேலே குங்குமம். டப்பாவை மூடினாள். என் மனைவி உள்ளேயிருந்து, "பொட்டு வச்ச மொதக் கரப்பான் பூச்சி" என்று சொல்ல, அப்போதுதான் தங்கை கொஞ்சம் சிரித்தாள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இங்கே தெரியாதவர்களுக்காகச் சொல்லவேண்டும். ஆய்வகத்தில் நாங்கள் வருடாவருடம் பொட்டு வைத்த எந்திரங்களுக்கெல்லாம் இரும்புக் கூடு உண்டு. கூட்டின்மேல் எவ்வளவு சந்தனம் வைத்தாலும் உள்ளே போகாது. போர்டு தோல் உரித்த உடம்பு. அந்த ஐ.சி.யில் சைபருக்கு இழுக்கும் காலும் மின்சாரம் உள்ளே வரும் காலும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஈரச் சந்தனம் இருந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்து பக்கத்துக் காலை இழுக்கும். கசிவு கொஞ்சம்தான். கட்டி வைத்த கயிறும் மெல்லிசு. பத்தாயிரம் ஓம் போட்டிருந்தால் தாங்கியிருக்கும்.

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. பகுதிநேரத்தார் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் என்பதால் அவர்களை முதலில் அழைக்க வேண்டும் என்று ஒரு நடைமுறை உண்டு. முந்தின வருடம் நான் குறிப்பு எழுதிக் கொண்டுவந்த நடைமுறை. முதல் ஆளாக மாப்பிள்ளையை அழைத்தார்கள். ஆய்வகத்தில் வெளித்தேர்வாளர், உள்தேர்வாளராக எங்கள் துறைத்தலைவர், மீட்டர் முதலிய கருவிகளுக்குப் பொறுப்பாக நான், மாப்பிள்ளை. நான்கு பேருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தெரியும்.

டப்பாவைத் திறந்ததும் மாப்பிள்ளை சந்தனத்தைப் பார்த்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். தங்கை வேலை என்று புரிந்திருக்கும். துடைக்கக் கை போகவில்லை. ஆண்டாள் பிரசாதத்தை யார் துடைப்பார்கள்? வெளித்தேர்வாளர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், நெற்றி நிறையத் திருமண். வரும் வழியில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். "தாயார் பிரசாதமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கண்ணை மூடி ஒரு விரலால் போர்டின் ஓரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்.

ஸ்விட்சைப் போட்டார்கள். மூன்று சைபர்கள் எரிந்தன. துளை போட்ட அட்டையை மாட்டிய சின்ன மோட்டாரைச் சுற்றவிட்டார்கள். சைபர் சைபர் சைபர். மாப்பிள்ளை பல்பை நகர்த்தினார், கண்ணை நகர்த்தினார். துடிப்பு வருகிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பார்த்தார்கள். அழகாக வந்தது. மின்சாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. வெளித்தேர்வாளர் பொறுமையான மனிதர். மீட்டரின் முனையைக் கொண்டு ஐ.சி.யின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், சந்தனம் கலையாமல். சந்தனம் இல்லாத கால்களை மட்டும் தொட்டார். எனக்கு இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த முனை சந்தனத்தைச் சுற்றிக்கொண்டு பவ்வியமாகப் போவது தெரிகிறது.

அரைமணி நேரம் ஆனது. மாப்பிள்ளைக்கு மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். ஆனால் கருவி இயங்கிக் காட்டினால்தான் தேர்ச்சி. "ஐ.சி. போயிருக்கும் தம்பி. அடுத்த தடவை சாக்கெட் போட்டு மாட்டுங்க" என்று வெளித்தேர்வாளர் வருத்தத்தோடு எழுதினார். அடுத்து வந்தவன், அதே ஆலைக்காரன், கொண்டுவந்தது தண்ணீர்த் தொட்டி. பிளாஸ்டிக் மூடியின்மேல் பட்டையாக விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தன. ஓடியது. அன்று மதுரைக் கடைச் சரக்கு எல்லாமே ஓடியது.

மதிய உணவுக்கு முன் தேர்வு முடிந்து, மதிப்பெண் பட்டியலை உறையிலிட்டு ஒட்டி, முதல்வர் அறைக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை ஷிஃப்டுக்குப் போய்விட்டார். புராஜெக்டுகளை ஒவ்வொன்றாகப் பெற்று, நிலைமை குறித்து, பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. மதியம் மாப்பிள்ளையின் எண்ணும் கருவியை மேசையில் வைத்து, நிலைமை எழுதுவதற்காக ஒரு முறை ஸ்விட்சைப் போட்டேன்.

எண்ணியது. கையை வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்ட ஆட்ட ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. சந்தனம் காய்ந்து, வெடித்து, பொருக்காக உதிர்ந்திருந்தது. நான் கூஜாவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விரலில் எடுத்து அந்தப் பொருக்கின்மேல் வைத்தேன். சைபர். கைக்குட்டையால் ஒற்றி, ஃபேனுக்கு நேரே பிடித்தேன். மறுபடி எண்ணியது.

ஜன்னல் வழியே பார்த்தேன். வெளித்தேர்வாளர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். தென்காசி பஸ் இன்னும் வரவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னார்.

விதி எனக்குத் தெரியும். உறை அன்று அலுவலகத்தை விட்டுப் போகும் முன்னால், இரண்டு தேர்வாளர்களும் சேர்ந்து எழுத்து மூலம் கேட்டால், முதல்வர் அதைப் பிரிக்கலாம். இரண்டு தேர்வாளர்களும் நூறு அடிக்குள் இருந்தார்கள். சாலையைக் கடந்து, "சார், செத்த வாங்க" என்று சொன்னால் போதும்.

நான் டைப்ரைட்டரில் தாள் ஏற்றினேன். ஒரு கோரிக்கை வாய்மொழியாக இருந்தால் நாளைக்கு யாராவது மறுக்கலாம். கார்பன் இரண்டு வைத்தேன். அனுப்புநர், பெறுநர், துறைத்தலைவர் வழியாக, பொருள், பார்வை. பொருள் வரை கை தானாகப் போனது. காரணம் எழுதும் இடத்தில் நின்றது. 'தேர்வரின் மனைவியால் கருவியின்மீது சந்தனம் இடப்பட்டமையால்' என்று அடித்தேன். உடனே அடுத்த கேள்வி எழும். தேர்வரின் மனைவிக்கு இடம் காட்டியது யார்? அவள் யாருடைய தங்கை? தேர்வறையில் பொறுப்பிலிருந்தவர் தேர்வருக்கு என்ன உறவு, அதை முன்கூட்டியே தெரிவித்தாரா? தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும் நான் அறிவேன். தாளை உருவிக் கிழித்தேன். இரண்டாவது தாளில் 'சமய நம்பிக்கை காரணமாக' என்று தொடங்கினேன். அது வேறு வம்பு. அதையும் கிழித்தேன். மூன்றாவதில்தான் சொல் கிடைத்தது. 'வளிமண்டல ஈரப்பதம் காரணமாக.' யாரும் வைக்காதது, யாரும் காட்டாதது. மிகவும் திருப்தியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்து பார்த்தபோது டீக்கடை மேடையில் வெறும் கிளாஸ் இருந்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன். அவர் பக்கத்து அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலியில் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார். முழுதாக வாசித்தார்.

"ஏன்வே, அவர் இம்புட்டு நேரம் எதுத்தாப்புலதான நின்னார்? ஒரு சத்தம் குடுத்திருந்தா நானே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்திருப்பனே."

நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

"லெட்டர் நல்லாத்தான் எழுதியிருக்கீரு" என்று கையெழுத்துப் போட்டார். ஒரு தேர்வாளர் கையெழுத்து மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உறை மாலையில் போய்விட்டது.

பிறகு நான் எழுதிய மனுக்களை எல்லாம் சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றும் உரிய வழியில், உரிய இணைப்புகளோடு போனது. மாதங்கள் கழித்து ஒரு பதில் வந்தது. என் கடித எண்ணைத் தப்பில்லாமல் குறிப்பிட்டு, 'விதிகளில் இடமில்லை' என்று சொன்னது. அந்தப் பதிலில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

கோடை முடிந்தது. ஆலை பட்டியலை ஒட்டியது. மாப்பிள்ளையைவிடப் பத்து வயது சின்னவர்கள், தண்ணீர்த் தொட்டிக்காரன் உட்பட, பயிற்சிக்குப் போனார்கள். அவரைக் குடோனுக்கு மாற்றினார்கள். அடுத்த தேர்வு வந்தபோது அதே போர்டை ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி, அதே ரெசிஸ்டரோடு இயக்கிக் காட்டி முதல் வகுப்பில் தேறினார். தேறிய சான்றிதழை ஆலையில் கொடுத்தபோது, நல்லது, அடுத்த முறை ஆள் எடுக்கும்போது பார்க்கலாம் என்றார்களாம். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. ஆலை ஆட்களைக் குறைக்க ஆரம்பித்திருந்தது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. அதன்மேலும் தங்கை வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்தாள்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் துறைக்குப் புதுக் கருவிகள் வந்தன. இடம் வேண்டுமென்று பழைய புராஜெக்டுகளைக் கழிக்க ஒரு குழு போட்டார்கள். நான் அதன் செயலாளர். இயங்காதவற்றை மட்டுமே கழிக்கலாம். தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் பதிவேட்டில் 'இயங்குகிறது' என்றிருந்ததால் தப்பின. எண்ணும் கருவிக்கு எதிரே 'இயங்கவில்லை' என்றிருந்தது. என் கையெழுத்துதான். அன்று மதியம், என் கண் முன்னால் அது எண்ணிக்கொண்டிருக்கும்போதே, தேர்வாளர் அறிக்கையோடு பதிவேடு ஒத்துப்போக வேண்டும் என்று நான் எழுதியது. மறுதேர்வில் அது இயங்கியதைப் பதிவேட்டில் ஏற்ற ஒரு பத்தி கிடையாது. கழிவுப் பட்டியலில் முதல் பொருளாக அதைச் சேர்த்தேன். எடை போட்டு எடுத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போனேன். மாப்பிள்ளை வேலையை விட்டு நின்றிருந்தார், நின்றார் என்பதைவிட நெஞ்சு நிறுத்திவிட்டது. கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். தங்கை அடுக்களையில் இருந்தாள். ஏதோ பேச வேண்டுமென்று, போர்டைக் கழித்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"ஓடிட்டுத்தான இருந்துச்சு?" என்றார்.

"ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

சமாதானமாக, அன்று ஐ.சி. சூட்டில் நின்றிருக்கும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அன்னைக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியும் மச்சான். மறு பரீட்சைக்கு வாங்கும்போதே பாத்தேன். கால் சந்துல சந்தனம் காஞ்சு கெடந்துச்சு. ஊசி வச்சு எடுத்தேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராதீய. பாவம், அவளா வச்சுட்டா. தெரிஞ்சா தாங்க மாட்டா."

அவளாக வைக்கவில்லை என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நெற்றி எது என்று அவள் கேட்டாள், நான் காட்டினேன். இரண்டு வாக்கியம். கார்பன் வேண்டாம், 'வழியாக' வேண்டாம். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியிலேயே சொல்லி முடித்திருக்கலாம்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் என் கையை அமுக்கினார். நன்றி சொல்லும் அமுக்கல். அவர் போய்ச் சேரும்வரை நான் அதைத் திருத்தவில்லை. தங்கையிடமும் இதுவரை சொல்லவில்லை. தன் மேல் ஒரு குற்றம் இருந்ததோ, அதை ஒருவர் மன்னித்துவிட்டுப் போனதோ அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் கிளம்பும் முன், தங்கை ஆவி பிடிக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மதுரையில் சொல்லி நான்தான் வரவழைத்துக் கொடுத்திருந்தேன். அதன் உச்சியில் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருந்தன. நான் ஈரத்தைப் பார்த்தேன். பிறகு அதைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு, எங்கும் இடுக்கு இல்லை.

"என்னண்ணே தேடுத?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று ஸ்விட்சைப் போட்டேன். எந்திரம் ஓடியது.